ஒரே முடியில் இரண்டு தண்ணீர்

என் பாஸ்போர்ட்டில் இருப்பது என் முகம்தான். ஆனால் அந்த முடி என்னுடையதில்லை. படம் எடுப்பதற்கு மூன்று வாரம் முன்புதான், சுருட்டை முடியை மருந்து போட்டு நேராக்கும் ரீபாண்டிங் செய்திருந்தேன். புது நாடு, புது வேலை, பார்த்ததுமே ஒழுங்கானவள் என்று தோன்ற வேண்டும் என்ற பயம். சுருட்டை என்றால் வாராத தலை என்று கேட்டே வளர்ந்தவள் நான். பள்ளியில் என் தலைக்குக் குருவிக்கூடு என்று பெயர். வீட்டில் அம்மா சீப்போடு உட்கார்ந்தால் எனக்குக் கண்ணீர், அம்மாவுக்குக் கைவலி.

வந்து இறங்கியது குளிர்காலத்தில். வெளியே உறைபனி, உள்ளே நாள் முழுக்க ஹீட்டர். குளிர்காற்றில் ஈரம் குறைவு. அதையே சூடாக்கி வீட்டுக்குள் விட்டால் தோலும் உதடும் முடியும் காய்ந்துபோகின்றன. மூன்றாம் மாதம் முடி கொட்டத் தொடங்கியது. குளித்து முடித்தால் வடிகாலை அடைக்கும் அளவுக்கு. "இங்கத்த தண்ணி ஒத்துக்கல" என்றார்கள் எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும். நானும் அதையே நம்பி, பாட்டில் தண்ணீரில் தலை அலசிக்கூடப் பார்த்தேன்.

மருத்துவர் சொன்ன காரணம் வேறு. காய்ச்சலோ, பிரசவமோ, பெரிய மன அழுத்தமோ வந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பெரும்பங்கு சட்டென்று ஓய்வுநிலைக்குப் போய்விடுமாம். ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் விழும். அதாவது இப்போது கொட்டுவது, விமான நிலையத்தில் எல்லோரையும் பிரிந்து நின்ற அந்த வாரத்தின் கணக்கு. நான் அழுது முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். தலை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. பெரும்பாலும் ஆறு மாதத்தில் அடங்கிவிடும், விழுந்த இடத்தில் புதிதாக முளைக்கும் என்றார். அப்படியே நடந்தது.

முளைத்தது சுருட்டையாக முளைத்தது.

ரீபாண்டிங் மருந்து, முடிக்குள் கெரட்டின் புரதத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து, நேராக்கிய வடிவில் மறுபடி பூட்டிவிடுகிறது. ஆனால் அது வெளியே வந்துவிட்ட முடியை மட்டுமே தொடும். சுருள் எங்கே உருவாகிறதோ, தோலுக்கு அடியில் வளைந்து கிடக்கும் அந்த முடிக்குழியை அது எட்டுவதில்லை. நான் கடல் தாண்டினேன், பெயரை இவர்கள் வாய்க்கு ஏற்றபடி சுருக்கிக்கொண்டேன், குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அந்தக் குழி மட்டும் தன் வேலையைத் தன் போக்கில் செய்துகொண்டிருந்தது.

மேலே ஒரு சாண் சுருட்டை, கீழே தொங்கும் நேர்முடி. பார்க்க யாரோ இருவருடைய தலையைச் சேர்த்து ஒட்டியதுபோல இருந்தது. மறுபடியும் நேராக்கத்தான் முடிதிருத்தும் கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் காய்ந்த சுருட்டையில் மேலிருந்து கீழாகச் சீப்பை இழுத்தார். வலித்தது. பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

வழி காட்டியது கூட வேலை பார்க்கும் ஒரு பெண். வேறு கண்டத்தில் பிறந்தவர், என்னுடையதைவிட இறுக்கமான சுருள். நான் கழிவறைக் கண்ணாடி முன் போராடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "காய்ந்திருக்கும்போது வாராதே" என்றார். ஈரத்தில், கண்டிஷனரோடு, விரலால் அல்லது அகலப் பல் சீப்பால், நுனியில் தொடங்கி மேலே போக வேண்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். தலையில் சுரக்கும் எண்ணெய், நேரான முடியில் வழுக்கி இறங்குவதுபோல வளைவுகளில் இறங்காது. அதனால்தான் சுருட்டைக்கு எப்போதும் தாகம் என்றார். இருபத்தொன்பது வருடம் இந்தத் தலையோடு வாழ்ந்தும் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னபடி செய்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். முடி காயக் காயத் தானே சுருண்டுகொண்டு மேலே ஏறியது. ஈரத்தில் தோளைத் தொட்ட கற்றை, காய்ந்ததும் காதருகே வந்து நின்றது. ஒன்றை இழுத்து விட்டேன். துள்ளித் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு சுருளும் அவ்வளவு சீராக இருந்தது. இவ்வளவு காலமும் சிக்கு என்று நினைத்திருந்தது இதைத்தான். எனக்கு நிஜமாகவே தொண்டை அடைத்தது.

வீடியோவில் பார்த்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கொஞ்சம் திரும்புடி."

திரும்பினேன்.

"அப்படியே உங்க அப்பத்தா."

அப்பத்தா கொண்டையை அவிழ்த்து நான் பார்த்ததே இல்லை. "குளிச்சுட்டு வெயில்ல நின்னா, நெளி நெளியா முதுகு பூரா கிடக்கும். நான் கல்யாணமாகி வந்த புதுசுல பொறாமையாப் பார்ப்பேன்" என்றாள் அம்மா.

"இதை ஏம்மா இத்தனை நாளா சொல்லல?"

"உனக்குச் சிக்கெடுக்கவே எனக்கு நேரம் சரியா இருந்துச்சே."

அதன் பிறகு முடியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஜெனீவாவைச் சேர்ந்த ஒராஸ் பெனடிக்ட் தெ சொஸ்யூர், மனித முடியை வைத்துக் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியைப் பற்றி 1783இல் விரிவாக எழுதியிருக்கிறார். ஈரம் கூடினால் முடி நீளும், குறைந்தால் சுருங்கும். மழைக்கு முன்னால் என் தலை உப்புவது அடங்காத்தனம் இல்லை. காற்றில் உள்ளதை அது படித்துச் சொல்கிறது.

இன்னொன்று என்னை விடவே இல்லை. நாம் குடிக்கும் தண்ணீரின் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரு பங்கு முடிக்குள் போய்ச் சேர்கின்றன. இடத்துக்கு இடம் தண்ணீரில் இவற்றின் கனமான அணுக்களின் விகிதம் மாறும். ஒருவர் எந்தப் பகுதித் தண்ணீரைக் குடித்து வாழ்ந்தார் என்று முடியை வைத்து மதிப்பிட முடியும் என்பதை யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள்.

முடி மாதம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். நான் வந்து இருபத்திரண்டு மாதம். அளவுநாடாவை வைத்துப் பார்த்தேன். வேரிலிருந்து இருபத்தைந்து சென்டிமீட்டர்வரை இந்த நாட்டுத் தண்ணீர். அதற்குக் கீழே தொங்கும் நேர்முடி முழுக்க ஊர்த் தண்ணீர். நான் பொசுக்கிப் பிளந்து வைத்திருப்பது ஊரில் வளர்ந்த பகுதியை. என் சுயமான சுருள் வளர்ந்ததோ இங்கே.

இதைக் கணக்குப் போட்ட பிறகு ஆறு வாரம் வெட்ட மனம் வரவில்லை. நுனிகள் நூலாகப் பிரிந்து, சுருளைப் பாரம்போல் கீழே இழுத்துக்கொண்டிருந்தன. வெட்டினால்தான் மேலே உள்ளது மூச்சு விடும் என்று தெரியும். இருந்தாலும் குளிக்கும்போதெல்லாம் அந்த நுனியைக் கொஞ்ச நேரம் கையில் பிடித்துக்கொண்டிருப்பேன்.

போன சனிக்கிழமை கூட வேலை பார்க்கும் அந்தப் பெண்தான் தன் வீட்டில் வைத்து வெட்டிவிட்டார். ஒரு கற்றையைக் கேட்டு வாங்கி, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொண்டேன். தலை லேசானது. பின்கழுத்தில் சுருள்கள் குளிர்ச்சியாகப் பட்டன.

படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: "பின்பக்கமும் எடுத்து அனுப்பு."