குழாய் பாடுகிறது, இடிக்க மாட்டேன் என்கிறது

இரண்டு வாரமாக வீட்டில் இரும்பு தட்டிக்கொண்டிருக்கிறேன். காரணம் 'கொலாப்ஸ்'. மேற்கு பெர்லினின் ஐன்ஷ்டூர்ட்செண்டே நொய்பாவ்டன் குழுவுடைய முதல் ஸ்டுடியோ ஆல்பம், 1981இல் வந்தது. குழுவின் பெயருக்கு 'இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்' என்று பொருள். டிரம் செட் இருக்க வேண்டிய இடத்தில் இரும்புத் தகடும் குழாயும். ஒரு பாட்டு தொடங்குவதே டிரில்லிங் மெஷின் சத்தத்தில்தான். ஆல்பத்தோடு வந்த படத்தில் பெர்லின் ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்கு முன்னால் தட்டுமுட்டுச் சாமான்களைப் பரப்பிவைத்து நிற்கிறார்கள், சந்தையில் கடை விரித்த மாதிரி.

இதைத் தட்டிப் பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பழைய இரும்புக் கடையில் எடை போட்டு 90 செ.மீ. நீளத்தில் ஒரு ஜி.ஐ. குழாய், ஒரு தகரம், ஒரு சுருள் கம்பி வாங்கிவந்தேன். ஒலியைப் பிடிக்க 27 மி.மீ. பீஸோ வில்லை, அதாவது அதிர்வை மின்சாரமாக மாற்றும் மெல்லிய தட்டு. அதில் ஒயரை சால்டர் செய்வதில்தான் முதல் அடி. நடுவில் இருக்கும் வெள்ளைப் பூச்சில் சால்டரிங் இரும்பைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்தால் பூச்சு உரிந்து வந்துவிடுகிறது. இரண்டு வில்லை போன பிறகு, தொட்டதும் எடுக்கப் பழகினேன்.

முதல் பதிவு கேட்கச் சகிக்கவில்லை. குழாயை அடித்தால் டப்பாவில் கல் போட்டுக் குலுக்குவது போல 'கிச் கிச்' என்கிறது, அடி ஒலியே இல்லை. குழாய்மேல் சந்தேகப்பட்டு ஒரு நாள் வீண். தப்பு நான் சொருகிய இடத்தில். பீஸோ ஒரு கெபாசிட்டர் (மின்தேக்கி) மாதிரி, மின் தடை குறைவான இன்புட்டில் சொருகினால் கனத்த ஒலி போய்விடும். சுமார் 20 நானோஃபாரட் இருக்கும். 10 கிலோ ஓம் லைன் இன்புட்டில் கொடுத்தால் கிட்டத்தட்ட 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியெல்லாம் தேய்ந்துவிடும். அதே ஒயரை 1 மெகா ஓம் உள்ள கித்தார் இன்புட்டுக்கு மாற்றினேன். கணக்குப்படி அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. அடுத்த அடியில் மேசையே அதிர்ந்தது.

சரி, இப்போது பெர்லின் வரும் என்று பார்த்தால் கோயில் மணி வந்தது! நானே செய்த வினை. எங்கோ படித்த ஞாபகத்தில், இரண்டு முனையிலிருந்தும் 20 செ.மீ. தள்ளி நூல் கட்டிக் குழாயைத் தொங்கவிட்டிருந்தேன். அதிரும் குழாயில் நீளத்தின் 22 சதவீதத்தை ஒட்டிய அந்த இரண்டு புள்ளிகள் அசையாமல் நிற்கும். அங்கே பிடித்தால் ஒலி நீண்டு பாடும். எனக்கு வேண்டியதோ பாடாத இரும்பு. ஆல்பத்தை மறுபடி ஹெட்ஃபோனில் கேட்டேன். என் காதுக்கு அதில் ரீங்காரம் குறைவு. அடி விழுகிறது, செத்துவிடுகிறது, அடுத்த அடி விழுகிறது. நூலை அறுத்து, குழாயை மடித்த சாக்கின்மேல் கிடத்தி, நடுவில் ஒரு செங்கல்லை ஏற்றி, சுத்தியலால் ஓரத்தில் அடித்தேன். 'தக்'. அதுதான். அந்தப் பதிவை அரை வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி இறங்கி, கதவை இடிப்பது போல இருக்கிறது.

இன்னும் ஒன்று குறைகிறது, இடம். இந்த ஆல்பத்துக்கு முந்தைய ஆண்டு, அந்தக் குழுவின் பிளிக்சா பார்கெல்டும் என்.யூ. உன்ரூவும் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் உள்கூட்டுக்குள் போய் 'ஷ்டால்முசீக்' என்ற கேசட்டைப் பதிவு செய்தார்கள். எனக்குக் கிடைத்தது அடுக்குமாடிப் படிக்கட்டு. செல்போனை இரண்டாம் மாடியில் வைத்துவிட்டுக் கீழே தகரத்தை நான்கு தட்டு தட்டினேன். பீஸோவின் 'தக்'கோடு அந்த முழக்கத்தைக் கலந்ததும் ஒலிக்கு உடம்பு வந்துவிட்டது. ஐந்தாவது தட்டுக்குள் மேல்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "பிளம்பர் வேலை இன்னும் முடியலையா தம்பி?" என்றார். இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றேன்.

இதுவரை கையில் இருப்பது 40 நொடி. சுருள் கம்பியை இன்னும் தொடவில்லை.