பாய்த்தோணி வாங்கி மூன்று வருடம், செலவுக் கொப்பியோடு

போன ஞாயிறு தோணிச் செலவு எழுதும் சி.ஆர். கொப்பியை எடுத்து வைத்து முழுதாகக் கூட்டிப் பார்த்தேன். 146,000 ரூபாய். அதே கொப்பியின் பின்பக்கத்தில் மட்டக்களப்பு வாவியில் பாய் விரித்து ஓடிய நேரத்தை எழுதி வருகிறேன், அது 118 மணித்தியாலம். வகுத்தால் மணித்தியாலத்துக்கு 1,237 ரூபாய் சொச்சம். வகுத்திருக்கக் கூடாது, ஆனால் பின்னேரங்களில் ஓ/எல் பிள்ளைகளுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுக்கிறவனுக்குக் கை சும்மா இருக்காதே.

பகலில் நான் ஓர் அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர். தோணிக்குப் போகிற காசு முழுக்க டியூஷன் காசு. சம்பளத்தில் கை வைப்பதில்லை என்பது மனைவியோடு பேசிக்கொண்டது. இரண்டு தடவைதான் மீறினேன், அதில் ஒன்று அவவுக்குத் தெரியாது (இதை வாசித்தால் தெரிந்துவிடும், சரி).

வாங்கியது 2022 ஆகஸ்டில். டொலர் இருநூறிலிருந்து முந்நூற்று அறுபதுக்கு ஏறி, பெற்றோலுக்குக் கியூவில் நின்று நின்று கால் வீங்கிய வருடம் அது. அந்த மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்குப் போனது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் வைத்திருந்தவர்கள் தோணியைக் கரையில் கவிழ்த்துப் போட்டார்கள், சிலர் எஞ்சினை மட்டும் விற்றார்கள். நாவற்குடாவில் எங்கள் உறவுக்காரர் ஒருவரின் வளவு வாவிக்கரையில் இருக்கிறது, அங்கே போயிருந்தபோது பக்கத்து வளவில் ஒரு 14 அடி பைபர் தோணி, அணியத்தில் (முன்பக்கத்தில்) ஒரு சாண் வெடிப்போடு, கோழி அடைகாக்கக் கிடந்தது. எஞ்சின் போய்விட்டது, தோணி மட்டும்தான் என்றார்கள். 55,000. எஞ்சின் இல்லாததால் விலை இறங்கிய தோணி, எஞ்சினே வேண்டாம் என்கிற எனக்கு. அதற்கு மேல் யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

எட்டு மாதம் தண்ணீர் காணவில்லை.

பைபர் வேலை யாருக்கும் வரும், யூடியூப்பில் இருக்கிறது என்று சொல்கிறவர்கள் சித்திரை வெயிலில் மட்டக்களப்பில் செய்து பார்க்கவில்லை. ரெசின் என்கிற பசைக்கு, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் நூற்றுக்கு ஒன்று, கூடினால் ஒன்றரை. ஒரு கிலோவுக்குப் பத்துப் பதினைந்து மில்லிலீற்றர் போதும். நான் சீக்கிரம் காயட்டும் என்று கண்ணளவாக ஊற்றினேன். நாலு நிமிடம் இருக்கும், வாளியில் ரெசின் கூழாகி, தூரிகை நடுவில் நட்டபடி நிற்க, சூடேறிப் புகை வரத் தொடங்கியது. வளவுக்கார மாமி ஓடிவந்து மண்ணை அள்ளிக் கொட்டினா. ஒரு கிலோ ரெசின், ஒரு தூரிகை, ஒரு வாளி. அதிலிருந்து ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்துதான் ஊற்றுகிறேன், காலை ஒன்பது மணிக்குப் பிறகு ரெசினைத் தொடுவதும் இல்லை. இன்னொன்று, மிதப்புக்கு என்று ரெஜிபோம் (வெள்ளைத் தெர்மோகோல்) துண்டுகளை இருக்கைப் பலகைக்குக் கீழே வைத்து மேலே ரெசின் பூசினேன், ஐஸ் உருகுவதுபோல் கண் முன்னாலேயே கரைந்து போனது. ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடுமாம். இப்போது அந்த இடத்தில் மூடி இறுக்கிய வெற்று எண்ணெய்க் கேன்கள் ஆறு, கயிற்றால் கட்டிக் கிடக்கின்றன. அழகு இல்லை. இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்த்தேன், முழுக்கத் தண்ணீர் நிரம்பியும் தாழவில்லை. ரெசின், பைபர் மேட், மண்கடதாசி, பெயின்ட், வருடா வருடம் பூசும் பெயின்ட் எல்லாம் சேர்த்து இதுவரை 34,500.

பாய்மரம் சவுக்கு, மேலே பாயைத் தூக்கும் குறுக்குக் கம்பு மூங்கில். சுக்கானுக்கும் பக்கப்பலகைக்கும் எங்கள் வீட்டுப் பழைய தேக்குக் கதவு. காத்தான்குடியிலிருந்து ஓடாவி (தச்சர்) நானா ஒருவர் வந்து செய்தார். "எல்லாரும் மிஷின் பூட்டுற காலத்துல நீங்க பாய் பூட்டச் சொல்றீங்க தம்பி" என்று சிரித்துவிட்டு, பாய்மரத்தின் அடியைத் தாங்கும் கட்டைக்கு மட்டும் அரை நாள் எடுத்தார். அதில் பிழை விட்டால் பாய்மரம் தோணியின் அடியையே பிளந்துவிடும் என்றார். கூலியோடு 17,200. என் கொப்பியில் மனம் எரியாமல் எழுதிய ஒரே வரி இதுதான்.

பக்கப்பலகை என்று சாதாரணமாக எழுதிவிட்டேன், ஆனால் அது இல்லாமல்தான் முதல் நாள் போனேன். தொங்கவிடும் ஆணி வரவில்லை, பொறுமை இல்லை. பாயை விரித்ததும் தோணி ஓடியது, முன்னுக்கு இல்லை, பக்கவாட்டில். தட்டையான அடி, தண்ணீருக்குள் பிடிமானமே இல்லை, காற்று தள்ளிய பக்கத்துக்கு ஒரு தட்டுப்போல வழுக்கிக்கொண்டு போய், யாரோ கட்டியிருந்த வலைக்குள் நுழைந்து, அதையும் இழுத்துக்கொண்டு கரையோரக் கண்டல் மரமான கண்ணாப் பற்றையில் செருகி நின்றது. வலைக்காரர் தோணியில் வந்தார். வாயைத் திறக்காமல் முதலில் வலையைப் பார்த்தார், பிறகு என் பாயைப் பார்த்தார், பிறகு திறந்தார். 2,500 ரூபாய். கொப்பியில் "வலை" என்று ஒரே சொல்லோடு இருக்கிறது.

அடுத்த கிழமை பலகையைத் தொங்கவிட்டுப் போனேன். விளையுள் விசை, அதாவது இரண்டு விசை சேர்ந்து தரும் ஒரே விசை, என்று பத்து வருடமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டிருக்கிறேன், அது என்ன என்று அன்றைக்குத்தான் முழங்கையில் விளங்கியது. காற்று பாயைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, பலகை தண்ணீரில் அந்தப் பக்கம் போக விடவில்லை, இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட தோணி விரலிடுக்கில் நசுக்கிய புளியங்கொட்டை மாதிரி முன்னுக்குப் பாய்கிறது. பலகையைத் தாங்கும் கயிறு விறைத்து, தொட்டால் வீணைக்கம்பிபோல அதிர்ந்தது. கடையாலில் (பின்பக்கத்தில்) தண்ணீர் சளசளவென்று பேசத் தொடங்கியது. எஞ்சின் தோணியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், தண்ணீருக்கு இப்படியொரு குரல் இருப்பது தெரியாது.

கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் பெத்தப்பா ஒருவர் இருக்கிறார், எண்பது தாண்டியவர். நான் காற்றுக்கு நேரே தோணியைத் திருப்பிப் பாய் படபடக்க நடுவாவியில் நிற்பதை மூன்று ஞாயிறு பார்த்துவிட்டு, நாலாவது ஞாயிறு கூப்பிட்டார். "மனே, காத்தோட முட்டாத. சரிச்சுப் புடி, கொஞ்சத் தூரம் ஓடு, மறுகா கிறுகு." அவ்வளவுதான் பாடம். காற்று வரும் திசைக்கு நேரே எந்தப் பாய்த்தோணியும் போகாது. ஏறக்குறைய 45 பாகை சரித்து இந்தப் பக்கம் ஓடி, கிறுகி (திரும்பி), அந்தப் பக்கம் ஓடி, அப்படியே இழை இழையாக மேலே ஏற வேண்டும். என் தோணிக்கு 45 எல்லாம் கனவு, 60 வரும். வாவியின் கிழக்கே இருக்கிற எழுவான்கரைக்கும் மேற்கே இருக்கிற படுவான்கரைக்கும் இடையில் பாய் விரித்துப் போனவர்களின் கதையும் அவர்தான் சொன்னார், படுவான்கரையில் சாமான் ஏற்றிவிட்டுக் கச்சான் எழும்பும்வரை காத்திருப்பார்களாம், எழும்பினால் தண்டு (துடுப்பு) வலிக்காமல் வீட்டுக்கு வந்துவிடலாம்.

கச்சான் என்றதும் வெளியூர்க்காரர்கள் கடலையை நினைப்பார்கள். எங்களுக்கு அது வைகாசியிலிருந்து மேற்கே மலைப்பக்கமிருந்து இறங்கி உதட்டை வெடிக்க வைக்கும் சுடுகாற்று. அநேகமான நாட்களில் மத்தியானத்துக்குப் பிறகு கிழக்கிலிருந்து கடற்காற்று வந்து அதோடு மோதும், நடுவில் அரை மணி நேரம் இரண்டும் இல்லாமல் வாவி எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும். அந்த அரை மணி நேரத்தில் நடுவாவியில் அகப்பட்டால் தொப்பி இல்லாத ஆள் தொலைந்தார். என் வழக்கம் இதுதான்: போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. களைப்பு வருவதற்கு முன் கஷ்டத்தை முடித்துவிட வேண்டும். காலையில் கச்சானை எதிர்த்து மேற்கே ஏறி, கடற்காற்று வரும் முன் திரும்பிவிடுவேன். பின்னேரம் கடற்காற்றில் சுகமாகப் படுவான்கரைப் பக்கம் போய், இருட்டும் நேரத்தில் திரும்பி வர எதிர்த்து எதிர்த்துக் கிறுகி, கடைசியில் கம்பு ஊன்றி வந்து சேர்ந்த அனுபவமும் உண்டு. நல்லவேளை, வாவி பல இடங்களில் ஆழமில்லை, கம்பு நிலம் தொடும். ஆனால் இறங்கி நடக்கலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம், முதலை இருக்கிற வாவி.

பாய்க்கு வருகிறேன். முதல் பாய் நீலத் தறப்பாள், 6,800. சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் தறப்பாளைப் பார்த்தால் ஒரு மாதிரித்தான் இருக்கும், நாவலடிப் பக்கத்து ஆட்கள் எத்தனை மாதம் அதற்குக் கீழே இருந்தார்கள். மனைவி முதலில் "வேற நிறம் கிடைக்கல்லயா" என்று மட்டும் கேட்டா. வெயில் அந்தப் பிரச்சினையைத் தீர்த்து வைத்தது: நாலாவது மாதம் மடிப்புகளில் தூள் தூளாக உதிர்ந்து, ஒரு பலத்த கச்சானில் மேலிருந்து கீழ்வரை கிழிந்தது.

இரண்டாவது பாயை மச்சாள் தைத்தா. அவ வீட்டில் சட்டை தைக்கிறவ. வெள்ளைப் பரசூட் துணி, நூல், வளையம் எல்லாம் 11,500. பாய் தட்டையாக இருக்கக் கூடாது, நடுவில் லேசாக வயிறு வைக்க வேண்டும், அப்போதுதான் காற்று வளைந்து ஓடும் என்று நான் தாளில் வளைகோடு கீறி, அரை மணி நேரம் விளக்கம் கொடுத்தேன். கேட்டுவிட்டு, "அத்தான், சட்டைக்கு டாட் பிடிக்கிற மாதிரித்தானே" என்றா. அதேதான். கீழ் மூலைகளில் இரண்டு டாட், முன் விளிம்பில் ஒன்று. ஊசியை மட்டும் தடித்ததாக மாற்றி, ஒவ்வொரு தையலையும் மடித்து இரட்டையாக ஓட்டினா. கூலி வாங்கவில்லை, ஒரு தடவை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்றா. ஏற்றினேன். தோணி சரிந்ததும் போட்ட சத்தம் கரைக்குக் கேட்டிருக்கும், இறங்கியதும் இன்னொரு தடவை என்றா.

பாயில் இரண்டு இடத்தில் பழைய கெசட் நாடாத் துண்டு ஒட்டியிருக்கிறேன், ஒரு சாண் நீளம். காற்று பாயின் இரண்டு பக்கமும் சரியாக ஓடினால் இரண்டு நாடாவும் நேராகப் பின்னால் பறக்கும், பாயைக் கூடுதலாக இழுத்துவிட்டால் மறைவுப் பக்கத்து நாடா சுருண்டு துடிக்கும். மகளுக்குப் பன்னிரண்டு வயது, சுக்கானைப் பிடித்தால் நாடாவிலிருந்து கண் எடுக்க மாட்டாள். அவளோடு போகும் நாட்களில் நான் சுமை மட்டும்தான்.

கயிறு, கப்பி, கொளுக்கி 9,000. லைஃப் ஜக்கெட் இரண்டு 9,500, இதில் பேரம் பேசவில்லை. இவ்வளவும் சேர்த்துத்தான் அந்த 146,000. கொப்பியில் வராததும் உண்டு. தோணி கிடக்கும் வளவுக்கு வாடகை இல்லை, ஆனால் வெறுங்கையோடு அந்தப் படலையைத் திறக்க முடியாது. மாதம் ஒருமுறை கரைக்கு இழுத்து அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்ட வேண்டும், அதற்கு ஒரு ஞாயிறு போகும், முதுகு இரண்டு நாள் போகும். மாரியில் வெள்ளத்தோடு ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) வந்து கரையை அடைத்தால் கார்த்திகையிலிருந்து தைவரை தோணி கவிழ்த்தபடிதான். வருடத்தில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு, அதிலும் ஞாயிறுகள் மட்டும், அதிலும் கலியாணவீடு, செத்தவீடு போக மிச்சம். 118 மணித்தியாலம் ஏன் அவ்வளவு குறைவு என்றால் இதுதான்.

அந்த 118இல் ஒரு மணித்தியாலம் போன வைகாசிப் பூரணையில் வந்தது. தண்ணீருக்குள்ளிருந்து வரும் சத்தத்துக்கு இங்கே பாடும் மீன் என்று பெயர், அதைக் கேட்கப் போனோம், மகளும் நானும். கல்லடிப் பாலத்துக்குக் கிட்டே போகும் முன்பே பயத்தில் பாய்மரத்தைக் கழற்றிப் படுக்க வைத்துவிட்டுத் தண்டு வலித்துப் போனோம். 1848இல் எமர்சன் டெனென்ட் என்ற வெள்ளைக்காரத் துரை இதே வாவியில் தோணியிலிருந்து கேட்டு எழுதி வைத்திருக்கிறார், சத்தம் மீனிலிருந்து இல்லை, ஊரியிலிருந்து (சங்குபோல ஓடுள்ள நத்தை) என்றுதான் அப்போதைய மீனவர்கள் அவரிடம் சொன்னார்களாம். மேலே பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓடும்வரை ஒன்றும் இல்லை. பதினொரு மணிக்கு மேல் மகள் தண்டின் அலகைத் தண்ணீரில் விட்டு, பிடியைக் காதில் வைத்தாள். நான் என்ன கேட்கிறது என்றேன். கையைக் காட்டிப் பேச வேண்டாம் என்றாள். பிறகு என் முறை வந்தபோது ஈர விரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தடவுவது போல ஒன்று, மிகத் தூரத்தில், விட்டு விட்டு. மீனோ ஊரியோ எனக்குத் தெரியாது. எஞ்சின் தோணியில் வந்தவர்கள் இரண்டு பேர் கொஞ்ச நேரம் நிறுத்திக் கேட்டுவிட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் போய்விட்டார்கள்.

வலைக்காரர் விஷயம் சொல்ல மறந்தேன். போன மாதம் கரையில் என் தோணியைச் சுற்றி நடந்து, பாய்மரக் கட்டையைக் காலால் தட்டிப் பார்த்து, "இந்தப் பாய யார் தைச்ச?" என்று கேட்டார். வலை பார்க்கப் போக எண்ணெய் கட்டுப்படியாகவில்லையாம், வரும்போதாவது கச்சானில் வரலாம் என்று யோசிக்கிறாராம். மச்சாளின் வீட்டைக் காட்டிவிட்டேன். அவரிடம் கூலி வாங்கத்தான் போகிறேன் என்கிறா மச்சாள்.

அடுத்தது வாவியில் தெற்கே இருக்கிற மண்டூர்வரை ஓடுவது. வாவி 56 கிலோமீற்றர் நீளம், நான் ஓடிப் பார்த்தது அதில் ஒரு மூலை. மண்முனைப் பாலத்தில் பாய்மரத்தை இறக்கி ஏற்ற வேண்டும், இரவு எங்கேயாவது கரையில் தங்க வேண்டும், காற்று இரண்டு நாளும் சொன்னபடி கேட்க வேண்டும். அதற்கு முன் பக்கப்பலகையின் கீழ் விளிம்பு மணலில் உரசி உரசி நாராகிவிட்டது, அதற்கு ரெசின் ஒரு கிலோ வாங்கி வந்திருக்கிறேன். கொப்பியில் இன்னும் எழுதவில்லை.