250 கிராமும் வான்வெளி வரைபடமும்

சென்ற மாதம் என் அக்காள் மகன், புதிதாக வாங்கிய ட்ரோனைக் கொண்டுவந்து காட்டி, "மாமா, இது 250 கிராமுக்குள்ளதான். இதுக்குச் சட்டமே கிடையாது, எங்க வேணும்னாலும் விடலாம்" என்றான். கடைக்காரர் சொன்னாராம். பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடும் பலரும் இப்படி நம்பிக்கொண்டிருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தெருமுனை மளிகைக் கடையின் தராசில் அதை வைத்துப் பார்த்தோம். மின்கலத்துடன் 246 கிராம். விசிறிகளைச் சுற்றிப் பாதுகாப்பு வளையங்களை மாட்டியதும் 281 ஆகிவிட்டது. 2021 ஆகஸ்ட் 25 அன்று மத்திய அரசு அறிவித்த ட்ரோன் விதிகள், சுமக்கும் பொருளையும் சேர்த்த மொத்த எடையையே கணக்கில் கொள்கின்றன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ; ஆகவே அந்த வளையங்களே அவனுடைய ட்ரோனை அடுத்த வகைக்குத் தள்ளிவிட்டன. நானோவுக்கு, ட்ரோனை இயக்குபவர் பெற வேண்டிய சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவுக்கும் வணிக நோக்கமின்றிப் பறக்கவிடும்வரை தேவையில்லை. நண்பன் வீட்டுக் கல்யாணத்தைப் படமெடுத்துக் கொடுத்துப் பணம் வாங்கினால் நிலைமை வேறு.

ஆனால் இந்தச் சலுகைகள் இயக்குபவருக்கும் கருவிக்கும் உரியவை; வானத்துக்கு உரியவை அல்ல. ட்ரோன்களுக்கான மத்திய அரசின் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடம் நாட்டின் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துக் காட்டுகிறது. பச்சையில் 400 அடி வரை முன் அனுமதியின்றிப் பறக்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரம் அது. இயங்கும் விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த வரம்பு 200 அடியாகக் குறைகிறது. 5 முதல் 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள், அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். இந்தத் தூரம் நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து அளக்கப்படுவது; பயணிகள் இறங்கும் கட்டடத்திலிருந்து அளந்து ஏமாறுபவர்களை நானே பார்த்திருக்கிறேன். சிவப்பில் மத்திய அரசின் அனுமதியின்றி எதுவும் எழும்பக் கூடாது.

எங்கள் ஊர்த் தேரோட்டத்தை மேலிருந்து படமெடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஆனால் அந்த வரைபடம் என்றும் ஒரேபோல் இருப்பதில்லை. அவசரத் தேவை ஏற்பட்டால், காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர், ஒரு பகுதியை ஒரு முறைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க முடியும். நேற்றுப் பச்சையாக இருந்த இடம் இன்று சிவப்பாகலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் வரைபடத்தைப் பார்த்த பிறகே ட்ரோனை எழுப்ப வேண்டும்.

தேரன்று காலை பார்த்தபோது எங்கள் ஊர் பச்சையாகவே இருந்தது. ஆயினும் வடம் பிடிக்கும் கூட்டத்தின் தலைக்கு மேல் சுழலும் விசிறிகளை அனுப்ப என் மனம் ஒப்பவில்லை. அவன் முகம் வாடியது. மறு ஞாயிறு கண்மாய்க் கரையில், வரைபடத்தைத் தானே திறந்து எனக்குக் காட்டிவிட்டுப் பறக்கவிட்டான். கொக்குகள் கலைந்து எழுந்ததும், நான் சொல்லும் முன்பே கீழே இறக்கினான்.