உத்தரவு வாயால் வரும், மெமோ காகிதத்தில் வரும்

கேரளக் காவல்துறையில் காவலர்களுக்குச் சங்கம் உண்டு. எல்லையைத் தாண்டி, பொள்ளாச்சியிலோ கோவையிலோ வேலை பார்க்கும் காவலருக்கு அது கிடையாது. சித்தூர் தாலுகாவில் பிறந்து, பாலக்காடு மாவட்டத்துக் காவல் நிலையங்களிலேயே பெரும்பாலும் பணிபுரிந்து ஓய்வு பெற்ற எனக்கு இந்த வேறுபாடு குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. என் மனைவியின் தம்பி தமிழ்நாடு காவல்துறையில் தலைமைக் காவலர். "உங்களுக்கென்ன மாமா, கேட்க ஆள் இருக்கிறது" என்பார். கேட்க ஆள் இருந்தது உண்மைதான். எதைக் கேட்டோம், எதைக் கேட்காமல் விட்டோம் என்பதுதான் இத்தனை காலத்துக்குப் பிறகும் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு, காவல்துறை போன்ற படைகளில் இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதன்படி வந்தது 1966ஆம் ஆண்டின் காவல் படைகள் (உரிமைக் கட்டுப்பாடு) சட்டம். முன் அனுமதியின்றித் தொழிற்சங்கத்தில் சேரக் கூடாது, அரசியல் ஊர்வலத்தில் நிற்கக் கூடாது, துறை விஷயத்தைப் பத்திரிகைக்குச் சொல்லக் கூடாது. அரசு அங்கீகரித்தால் சங்கம் இருக்கலாம். அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றால் அதோடு முடிந்தது. டெல்லி காவலர் சங்கத்தின் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றமும் அரசின் பக்கமே நின்றது. வேலைநிறுத்தம் செய்ய முடியாத, கூட்டு பேரத்துக்குச் சட்ட உரிமை இல்லாத அமைப்பு எங்களுடையது. ஐபிஎஸ் அதிகாரிகளுக்கோ, காவலருக்குச் சங்கம் மறுக்கப்படும் மாநிலங்களிலும் சங்கம் இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்தும் ஒரு காரணத்தையும் இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

எங்கள் கூட்டங்களில் முதலில் பேசப்படுவது எப்போதும் வேலை நேரம்தான். அதில் நியாயம் இருக்கிறது. காவல் நிலையங்களில் எட்டு மணி நேரப் பணிக்கு எத்தனை பேர் தேவை என்று காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகம் 2014இல் வெளியிட்ட ஆய்வு, நிலையப் பணியாளர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார்கள் என்றது. மாதத்தில் ஒரு நாள்கூட வார விடுப்பு எடுக்க முடியாதவர்களே பெரும்பாலோர் என்றும் அது கூறியது. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு ஆள் போய்விடும். நிலையத்தில் மிஞ்சியவர்கள் அந்த வேலையையும் சேர்த்துச் சுமப்பார்கள். தேர்தல் வந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆனால் நேரத்தைவிட ஆழமான குறை ஒன்று இருக்கிறது. எங்கள் துறையில் உத்தரவு வாயால் வரும், தவறு நேர்ந்தால் விளக்கம் கேட்கும் மெமோ காகிதத்தில் வரும். இந்த இரண்டுக்கும் இடையில் விழுந்து நசுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லைப் பகுதி நிலையங்களில் தமிழ் தெரிந்த காவலருக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று சோதனைச் சாவடிகள் நிறைந்த பகுதி இது. நாமக்கல் லாரி ஓட்டுநர் விபத்தில் மாட்டுவார். கஞ்சாப் பொட்டலத்தோடு ஒரு பையன் பிடிபடுவான். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை என்பதால் விடுமுறை நாட்களில் எங்கள் பக்கத்துக் கள்ளுக்கடைகளுக்கு வருகிறவர்களுக்குள் அடிதடி நடக்கும். வாக்குமூலம் தமிழில், வழக்குக் கோப்பு மலையாளத்தில். நடுவில் நிற்க ஓர் ஆள் வேண்டும். சிறுபான்மை மொழி பேசுவோர் இந்தப் பகுதிகளில் அரசு அலுவலகங்களோடு தமிழில் கடிதம் எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. எழுதுகிறார்கள். அதைப் படித்துச் சொல்லும் வேலைக்கு யாருடைய பெயரும் பணிப்பட்டியலில் இல்லை.

ஆகவே ஓய்வு நாளில் கைப்பேசி ஒலிக்கும். "அரை மணி நேரம் வந்துவிட்டுப் போ" என்பார்கள். அந்த அரை மணி நேரம் விடியும்வரை நீளும். பொது நாட்குறிப்பில், நாங்கள் ஜிடி என்று சொல்லும் அந்தப் பதிவேட்டில், வந்தவன் பெயரும் இருக்காது, நேரமும் இருக்காது. என்னோடு பணிபுரிந்த ஒரு சிவில் போலீஸ் ஆபீசர் இப்படி ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு, அதிகாலையில் பைக்கில் வீடு திரும்பும்போது கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டார். பணியின்போது நேர்ந்த காயம் என்று விண்ணப்பித்தார். அன்றிரவு அவர் பணியில் இருந்ததற்குப் பதிவு இல்லை என்று பதில் வந்தது. கூப்பிட்ட அதிகாரி, "நான் கேட்டேன், அவராக வந்து உதவினார்" என்று எழுதிக் கொடுத்தார். அவரும் கெட்ட மனிதர் அல்ல. எழுத்தில் வேறு எதைச் சொன்னாலும் அவருக்கே மெமோ வந்திருக்கும்.

சங்கத்தின் உண்மையான பயனை நான் கண்டது அப்போதுதான். அந்தக் காவலர் தன் பெயரில் மேலே மனு அனுப்பியிருந்தால் அட்டப்பாடி மலையேறியிருப்பார். வாய் பேசுகிறவனுக்கு இடமாறுதல்தான் மருந்து என்பது எல்லோரும் அறிந்த நடைமுறை. சங்கக் கிளையின் பெயரில் கடிதம் போனது. தனி ஆளின் பெயர் அதில் இல்லை. பணிநேரத்துக்கு வெளியே அழைக்கப்படும் ஒவ்வொருவருக்கும் வந்த நேரம், போன நேரம், அழைத்தவர் பெயர் ஆகியவை ஜிடியில் ஏற வேண்டும் என்று மட்டும் கேட்டோம். பணம் கேட்கவில்லை, படி கேட்கவில்லை. மாவட்டக் காவல் தலைவரோடு நடக்கும் கூட்டத்தில் அது பேசப்பட்டு, கூட்டக் குறிப்பிலும் ஏறியது. அதைக் காட்டித்தான் அந்தக் காவலரின் விண்ணப்பம் மறுபடி பரிசீலிக்கப்பட்டது. சில காலம் நிலையங்களில் பதிவேடு எழுதும் ரைட்டர்மார் ஒழுங்காக எழுதினார்கள். மாவட்டத் தலைவர் மாறினார், பழக்கமும் மாறிவிட்டது.

காவல்துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் தந்த ஏழு வழிகாட்டுதல்களை எங்கள் மேடைகளில் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் நிலையப் பொறுப்பாளருக்கும் குறைந்தது இரண்டு ஆண்டுப் பதவிக்காலம் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. மேலிருப்பவருக்கு அது பாதுகாப்பு என்று பேசப்படுகிறது. கீழிருக்கும் எங்களுக்கும் அது பாதுகாப்புத்தான். நேற்றைய தலைவர் ஒப்புக்கொண்டதை இன்றைய தலைவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தால், எந்தச் சங்கத்துக்கும் அதிலேயே ஆயுள் தீர்ந்துவிடும்.

இன்னொரு சம்பவம். ஆழியாறு தண்ணீர் பற்றி எல்லைப் பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் சித்தூர்ப் பகுதிக்கு வர வேண்டும். நாற்று வாடும் நேரத்தில் அது குறைந்தால் எங்கள் விவசாயிகள் சாலையில் உட்கார்ந்துவிடுவார்கள். தமிழ்நாட்டுச் சரக்கு லாரிகள் வரிசையாக நிற்கும். அப்படி ஒரு மறியலில், "பாதை திறந்திருக்க வேண்டும், எப்படி என்பது உங்கள் பாடு" என்று கைப்பேசியில் உத்தரவு வந்தது. சாலையில் உட்கார்ந்திருந்தவர்களில் எங்கள் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். தள்ளுமுள்ளு நடந்தது, ஒரு முதியவருக்குத் தலையில் அடிபட்டது, புகார் போனது. பிறகு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, களத்தில் நின்ற நான்கு பேருக்கு மட்டும். லத்தியை எடுக்கச் சொன்னது யார் என்ற கேள்விக்கு எந்தப் பதிவேட்டிலும் விடை இல்லை. அந்த முதியவருக்கும் நியாயம் கிடைக்கவில்லை. உத்தரவிட்டவர் பெயர் எழுத்தில் இருந்திருந்தால் முதியவருக்கும் பதில் கிடைத்திருக்கும், எங்கள் ஆட்களுக்கும் கிடைத்திருக்கும். காவலரின் குறையும் பொதுமக்களின் குறையும் ஒரே இடத்தில் வேர் பிடித்திருப்பதை அன்று மிகத் தெளிவாகப் பார்த்தேன்.

சங்கத்தின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஆளும் கட்சி மாறும்போது சங்கத் தலைமையின் நிறமும் மாறுகிறது என்ற பேச்சு இங்கே பழையது. 2018இல் சங்க மாநாடுகளில் கட்சி மாநாடு போலத் தியாகிகள் ஸ்தூபி வைத்து முழக்கமிட்டது பெரிய சர்ச்சையானது. ஒரு தரப்பு வென்றால் மறு தரப்பில் நின்றவர் தூர நிலையத்துக்குப் போகிறார். பொறுப்பில் இருப்பவருக்கு இரவுப் பணி குறைகிறது. எளியவனுக்காகப் பேச வேண்டிய அமைப்பு இடமாறுதல் வாங்கித் தரும் தரகாகச் சுருங்கினால், அதிகாரிக்கு அதைவிட வசதி வேறில்லை. சங்கமே வேண்டாம் என்பவர்களுக்கு வலுவான வாதத்தைக் கொடுத்தது எங்கள் ஆட்களேதான்.

ஆனாலும் சங்கம் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? தமிழ்நாட்டில் காவலரை அதிகாரியின் வீட்டு வேலைக்கு வைக்கும் ஆர்டர்லி முறையை ஒழித்து 1979இலேயே அரசாணை வந்தது; அது இன்னும் ஒழியவில்லை என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது. வார விடுப்புக்கு 2021இல் அரசாணை வந்தது. என் மைத்துனர் அதை மகிழ்ச்சியோடு கைப்பேசியில் எனக்கு அனுப்பினார். அடுத்த மாதமே, விடுப்பு நாளில் பந்தோபஸ்துக்குக் கூப்பிட்டால் யாரிடம் சொல்வது என்று கேட்டார். சொல்ல வேண்டியதும் அதே அதிகாரியிடம்தான். தெலங்கானாவில் 2024 அக்டோபரில் சிறப்புக் காவல் படையினரின் மனைவியர் தெருவுக்கு வந்தார்கள், கணவர்கள் பேச முடியாததால். முடிவில் 39 பேர் பணியிடை நீக்கம், 10 பேர் பணிநீக்கம். பேசுவதற்கு ஒரு முறையான வாசல் இல்லாதபோது குறை வீட்டுப் பெண்களின் குரலாகத்தான் வெளிவருகிறது. அதன் தண்டனை மீண்டும் அந்த வீட்டுக்கே வந்து சேர்கிறது.

புதிதாக வந்த சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 105ஆம் பிரிவு, தேடுதலையும் பறிமுதலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்யச் சொல்கிறது. நல்ல விதி. பல இளைஞர்கள் அதைச் சொந்தக் கைப்பேசியில் செய்கிறார்கள். அந்தப் பதிவு பற்றி நாளை நீதிமன்றத்தில் கேள்வி எழுந்தால், கைப்பேசியைப் பயன்படுத்தச் சொன்ன உத்தரவு எங்கே என்று கேட்பார்கள்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து இளம் காவலர்கள் சிலர் மாநாட்டுத் தீர்மானங்களைப் பற்றி என்னிடம் பேச வருவதுண்டு. பஞ்சப்படிக்கும் பதவி உயர்வுக்கும் முன்னால் இதை எழுதுங்கள் என்று அவர்களிடம் சொல்கிறேன். பணிநேரத்துக்கு வெளியே வரும் ஒவ்வொரு அழைப்பும் ஜிடியில் ஏற வேண்டும். பலப்பிரயோகம் பற்றிய உத்தரவுக்கு அதைத் தந்தவர் பெயர் பதிவாக வேண்டும். மொழிபெயர்ப்பு வேலை பணிப்பட்டியலில் இடம்பெற வேண்டும். மாவட்டக் கூட்டக் குறிப்புகள் அடுத்து வரும் தலைவரையும் கட்டுப்படுத்த வேண்டும். அவசரத்தில் எழுத நேரம் ஏது என்று அதிகாரிகள் கேட்பார்கள். வயர்லெஸ்ஸில் வரும் செய்தியைக் கட்டுப்பாட்டு அறை நேரத்தோடு குறித்துக்கொள்கிறது; எவ்வளவு பெரிய கலவரத்திலும் அந்தப் பதிவு நின்றதில்லை. கைப்பேசியில் சொல்லும் உத்தரவை அந்த வயர்லெஸ்ஸிலேயே சொல்லலாமே என்று திருப்பிக் கேளுங்கள்.