அச்சுக்காரரின் பிழைப்பட்டியல்

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மூன்று வருஷம் ஆன்சைட்டில், அதாவது க்ளையன்ட் இருக்கும் ஊரிலேயே, சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்தேன். ஆபீஸ் மார்க்கெட் தெருவில். மதியம் சாப்பிட்டுவிட்டு நடந்தால் பத்து நிமிஷத்தில், அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வாழ்ந்த இடம் வந்துவிடும். வீட்டை 1812-லேயே இடித்துவிட்டார்கள். அது நின்ற இடத்தில் இப்போது இரும்புச் சட்டத்தால் வீட்டின் உருவம் மட்டும் நிற்கிறது. பக்கத்தில் ஒரு பழைய பாணி அச்சுக்கூடம். என் மதியங்கள் பல அங்கேதான் போயின.

ஊழியர் ஒருவர் கோத்து வைத்த ஈய எழுத்துகள் மேல் மை ஒற்றி, தாளை வைத்து, கைப்பிடியைத் தன் பக்கம் இழுப்பார். இழுக்கும்போது அவர் உடம்பே பின்னால் சாயும். அச்சான தாளைக் கொடியில் துணி காயப்போடுவது போலத் தொங்கவிடுவார். கோத்த ஈய எழுத்துகள் எல்லாம் இடவலம் மாறி இருக்கும். ஒன்றைத் தப்பாகக் கோத்தால் அடிக்கிற அத்தனை தாளிலும் அந்தத் தப்பு விழும். என் வேலையும் கிட்டத்தட்ட அதுதான் என்பதால் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

அந்தச் சமயத்தில் மனசில் ஒரு உறுத்தல் இருந்தது. ஒரு ரிலீஸில் நான் ஓட்ட வேண்டிய டெஸ்ட் கேஸை, அதாவது ஒரு சோதனையை, விட்டுவிட்டேன். ப்ரொடக்‌ஷனில், ஆட்கள் நிஜமாகப் பயன்படுத்தும்போது, அது வெடித்தது. க்ளையன்ட்டோடு பேசிய போன் காலில் கேள்வி வந்தபோது, ஆஃப்ஷோரில், அதாவது நம் ஊர் ஆபீஸில், எங்கள் டீமில் இருந்த ஒரு தம்பியின் பக்கம் பேச்சு திரும்பியது. நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாதத்தில் அவனை வேறு ப்ராஜெக்ட்டுக்கு மாற்றினார்கள்.

ஃபிராங்க்ளின் தன் வரலாற்றை 1771-ல் எழுத ஆரம்பித்தபோது அவருக்கு வயது 65. வாழ்க்கையில் தான் செய்த தவறுகளை, புத்தகத்தில் பிழைப்பட்டியலுக்கு அச்சுக்காரர்கள் சொல்லும் சொல்லாலேயே குறிப்பிடுகிறார். அண்ணன் ஜேம்ஸிடம் 12 வயதில் தொழில் பழகச் சேர்ந்தவர், ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே 1723-ல் பாஸ்டனை விட்டு ஓடிவந்தார். அண்ணன் அடித்ததும் உண்மைதான். ஆனாலும் அதைத் தன் கணக்கில்தான் எழுதிக்கொள்கிறார். பல வருஷம் கழித்து, உடம்பு தேய்ந்துபோன அண்ணனைப் பார்க்கப் போகிறார். தனக்குப் பிறகு பத்து வயது மகனை அச்சுத் தொழிலில் வளர்க்கச் சொல்லி அண்ணன் கேட்கிறார். பையனைச் சில வருஷம் பள்ளிக்கு அனுப்பி, அப்புறம் தொழில் கற்றுக்கொடுத்து, அவன் அப்பாவின் எழுத்துகள் தேய்ந்து போயிருந்ததால் புது எழுத்துகளும் வாங்கிக் கொடுக்கிறார். மனிதர் வாயால் மன்னிப்புக் கேட்பதைவிட இந்தப் புது எழுத்துகள்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

பிரான்ஸில் தூதராக இருந்தவர், சுதந்திரப் பிரகடனத்திலும் அரசியல் சட்டத்திலும் கையெழுத்துப் போட்டவர். அப்படியும் உயிலில் தன் பதவிகளுக்கெல்லாம் முன்னால் எழுதியது ‘அச்சுக்காரர்’ என்றுதான்.

அவருடைய பட்டியலில் இருந்திருக்க வேண்டிய பெரிய பிழை வேறொன்று உண்டு. வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். 1757-ல் லண்டனுக்குப் போனபோதுகூட இருவரை உடன் கூட்டிப்போனார். அடிமை விற்பனை விளம்பரங்கள் அவர் பத்திரிகையில் வந்தன, அதில் காசும் பார்த்தார். 1787-ல் பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அவர் கையெழுத்தோடு அடிமைமுறைக்கு எதிரான மனு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போனது. தங்களுக்கு அதில் அதிகாரம் இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். ஏப்ரல் 17-ல், 84 வயதில் இறந்துபோனார். அந்தத் திருத்தம் ரொம்பத் தாமதம். அதற்குள் அவர் வீட்டில் உழைத்தவர்களின் ஆயுசே போயிருந்தது. இதைப் படித்த பிறகு அச்சுக்கூடத்தில் பழையபடி நிற்க முடியவில்லை.

திங்கட்கிழமை மேனேஜருக்கு மெயில் போட்டேன். எந்த டெஸ்ட் கேஸ், எந்தத் தேதி, யார் பொறுப்பு, எல்லாம் எழுதினேன். என் அப்ரைசலில் அது இறங்கியது. இறங்க வேண்டியதுதான். தம்பியின் பழைய ரேட்டிங்கை மாற்ற வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று ராத்திரி அவனுக்கு போன் செய்தேன். முழுக்கச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“அன்னைக்கு கால்ல நீங்க லைன்ல இருந்தது எனக்குத் தெரியும்ணா” என்றான்.