இருபத்தேழு வீடுகளும் ஒரு துலாக் கிணறும்

1968ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரி விடுதியில் எங்கள் நால்வரிடம் கறுப்பு மட்டை போட்ட ஒரு கொப்பி இருந்தது. பக்கத்துக்கு ஐந்து நிரல் கோடிட்டு, திகதி, ஊர், வீடுகள், பிரசுரங்கள், குறிப்பு என்று தலைப்பிட்டு, சனிக்கிழமை பிற்பகல்களில் சங்கரத்தை, அராலி, சித்தங்கேணி என்று நாங்கள் நடந்து திரிந்து கொடுத்த துண்டுப் பிரசுரங்களின் கணக்கை அதில் எழுதி வந்தோம். குறிப்பு என்ற நிரலில் பெரும்பாலும் "வாங்கினார்கள்" என்றோ "நாய் நின்றது" என்றோ இருக்கும். யாரும் எங்களை அனுப்பவில்லை; கிறிஸ்தவ மாணவர் கூட்டமொன்றில் உருகிப்போய் நாங்களாகவே தொடங்கிய வேலை அது. ஆகையால் அதில் இருந்த பிழைகளும் எங்களுடையவையே.

அந்தக் கொப்பியில் 27 வீடுகள் பதியப்பட்ட ஒரு நாள் உண்டு. அதுவே எங்கள் உச்சம். அராலிப் பக்கமாக வெயில் தாழும் நேரத்தில் பத்தொன்பதாவது வீட்டுப் படலையைத் திறந்தபோது, தண்ணீர் இறைக்கும் ஏற்றமான துலா போட்ட கிணற்றின் கட்டில் ஓர் ஆச்சி குந்தியிருந்தார். பிரசுரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "தம்பிமார், உந்தத் துலாவை ஒருக்கால் இழுத்துத் தாங்கோ, எனக்குக் கை ஏலாமல் கிடக்கு, கத்தரிக் கண்டுக்குத் தண்ணி விட்டு இரண்டு நாளாச்சு" என்றார். இன்னும் எட்டு வீடுகளாவது முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்த நாங்கள், பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டோம். கொப்பியில் அந்த வீட்டுக்கு நேரே என் கையெழுத்தில் "நேரமில்லை" என்று எழுதினேன்.

எங்கள் போடிங் மாஸ்டர் ஞாயிறு இரவுச் செபம் முடிந்தபின் அந்தக் கொப்பியை வாங்கிப் பார்ப்பது வழக்கம். பாராட்டவும் மாட்டார், தடுக்கவும் மாட்டார். அன்று மட்டும் விரலை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, "ஆருக்கு நேரமில்லை? அந்த வீட்டுக்காரருக்கோ, உங்களுக்கோ?" என்று கேட்டார். நாங்கள் நடந்ததைச் சொன்னோம். அவர் ஏசவில்லை. மறுநாள் மாலை எங்களைக் கல்லூரிக்கு அருகிலுள்ள பழைய தேவாலயத்துக்குள் அழைத்துச் சென்று, ஒல்லாந்தர் காலத்து அந்தத் தடித்த சுவருக்குப் பக்கத்தில் இருத்தி ஒரு கதை சொன்னார். அந்தக் கதையை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நான் அவருடைய குரலிலேயே கேட்கிறேன்.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு, கோவிற்பற்றுத்தோறும் பள்ளிக்கூடமும் தேவாலயமும் ஏற்படுத்தி, ஞானஸ்நானம் பெற்றவர்களையும் விவாகம் செய்தவர்களையும் பள்ளித் தோம்புகள் என்ற பதிவேடுகளில் பதிந்து வந்தார்கள். அந்தத் தோம்பில் பெயர் இருந்தால் உத்தியோகம் கிடைக்கும், முதுசத்தில் பிக்குப்பிடுங்கல் இராது. ஆகவே சனங்கள் பெயரைப் பதிந்தார்கள். புத்தகத்தில் பார்த்தால் குடாநாடு முழுவதும் கிறிஸ்தவ நாடு. 1795இல் ஆங்கிலேயர் வந்து, இனி அவரவர் விருப்பப்படி வழிபடலாம் என்றானவுடன், பெயர்கள் தோம்பில் கிடக்க, மனிதர்கள் தங்கள் கோயில்களுக்குப் போய்விட்டார்கள். 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்து இறங்கியபோது அவர்களுக்குக் கிடைத்தவை கூரையிழந்த தேவாலயங்களே. இதைச் சொல்லிவிட்டு மாஸ்டர், "உங்கட கொப்பியும் ஒரு தோம்புதான்" என்றார். பிறகு, வருகிற சனிக்கிழமை பிரசுரம் எதுவும் எடுக்காமல் அந்த ஆச்சி வீட்டுக்குப் போய்த் துலா இழுத்துவிட்டு வருமாறு பணித்தார்.

போனோம். ஒன்றல்ல, அந்தத் தவணை முழுவதும் போனோம். துலாக்கொடியைப் பிடித்து இழுத்து, பட்டையை வாய்க்காலில் சரிக்கும் இடத்தில் பக்குவம் தவறினால் பாதித் தண்ணீர் காலில் ஊற்றும். அதைப் பழகவே எங்களுக்கு மூன்று சனிக்கிழமைகள் சென்றன. கத்தரி காய்த்தது. ஆச்சி எங்களுக்கு மோர் தருவார், சில நாளில் பனங்கட்டியுடன் வெறுந்தேத்தண்ணீர் தருவார். ஐந்தாவது கிழமையோ ஆறாவது கிழமையோ, சற்றுக் கவலையோடு, "என்ன தம்பிமார், இப்ப நீங்கள் பேப்பர் ஒண்டும் தாறேல்லையே?" என்று கேட்டார். நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. "உங்களுக்கு உதிலை என்ன கிடக்கு? சொல்லுங்கோவன், கேப்பம்" என்றார்.

நான் அதற்கென்றே மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனங்கள் ஏழெட்டு இருந்தன. மனிதனின் பாவம், தேவனின் அன்பு என்று வரிசைப்படுத்தி ஆற்றொழுக்காகச் சொல்லக்கூடியவனாக இருந்தேன்; விவிலிய அறிவுப் போட்டியில் பரிசு வாங்கியவனும் நான்தான். ஆனால் ஆச்சி கேட்டது அதை அல்ல என்று அந்தக் கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது, விளங்கியதும் நாக்கு எழும்பவில்லை. எங்களில் மிகக் குறைவாகப் பேசுகிறவன், தீவுப் பகுதியிலிருந்து வந்து விடுதியில் சேர்ந்த பையன், ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே சொன்னான்: "எனக்கு ராவிலை பயம் ஆச்சி. அம்மா செத்தாப் பிறகு வந்த பயம். லைற்றை நூத்தாப் பிறகு, அவரைக் கூப்பிட்டால், பக்கத்திலை ஆரோ இருக்கிற மாதிரிக் கிடக்கும். பிறகு நித்திரை வந்திடும்." அவ்வளவுதான். ஆச்சி வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கும் ராவிலை பயந்தான் மோனை" என்றார்.

அவர் மதம் மாறவில்லை. கடைசிவரை பிள்ளையாருக்கு விளக்கேற்றிய கைதான் அது. எங்கள் கறுப்புக் கொப்பியின் முறைப்படி கணக்கிட்டால் அந்தத் தவணை முழுவதும் பூச்சியம். ஆனால் சாட்சி என்றால் என்ன என்று இன்று என்னிடம் யாராவது கேட்டால், ஈரக் கையோடு நின்ற அந்தப் பையனைத்தான் சொல்வேன். சாட்சி என்ற வடசொல்லுக்குள்ளேயே கண் இருக்கிறது. நேரில் கண்டவன் சொல்வதுதான் சாட்சி, கேள்விப்பட்டதைச் சொல்வது வேறு. நீதிமன்றத்தில்கூடக் கட்டுரை வாசிப்பவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதில்லை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் சாட்சிக்கு வழங்கிய அதே சொல்தான் பின்னர் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவரையும் குறித்தது. தமிழில் நாம் அவரை இரத்தசாட்சி என்று சொல்லும்போது அந்த உறவு அறுந்துபோகாமல் நிற்கிறது.

அதே 1968ஆம் ஆண்டு யூலை மாதம் சுவீடன் நாட்டின் உப்சாலாவில் உலகத் திருச்சபைகள் மாமன்றம் கூடியது. தொடக்க ஆராதனையில் பிரசங்கிக்க வேண்டியவர் மார்ட்டின் லூதர் கிங். அவர் ஏப்பிரலில் சுட்டுக் கொல்லப்பட்டதனால் அந்த இடத்தில் நின்று பேசியவர் யாழ்ப்பாணத்தவரான டி. தி. நைல்ஸ் போதகர். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் அம்மாமன்றம் முதன்முதலாகக் கூடியபோதும் தொடக்க ஆராதனையில் பேசியவர் அவர். செய்தி வந்த அன்று மாஸ்டருக்கிருந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஆனால் அவர் எங்களுக்குச் சொன்னது உப்சாலாவைப் பற்றி அல்ல. நற்செய்தி சொல்வது என்பது, சோறு எங்கே கிடைக்கும் என்று ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சொல்வது போன்றது என்று நைல்ஸ் போதகர் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னார். உலகமெல்லாம் பரவிய அந்த உவமையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கத்தரிக் கன்றுகளின் நடுவே நின்ற இரண்டு பேரின் பயம் நினைவுக்கு வரும். கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் என்ற படிநிலை அங்கே இருக்கவில்லை.

நம் கல்லூரியின் முன்னோடியான வட்டுக்கோட்டை செமினரியின் வரலாறும் விசுவாசம் யாருக்காக என்ற இதே கேள்வியில்தான் முறிந்தது என்பதைப் பழைய மாணவர்கள் பலர் மறந்துவிட்டோம். டானியல் பூவர் 1823இல் தொடங்கிய அந்தச் செமினரி, வானசாத்திரமும் கணிதமும் தமிழிலக்கணமும் சேர்த்துக் கற்பித்த உயர்கல்விக்கூடம். பூவர் 1855இன் தொடக்கத்தில் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். அதே ஆண்டு பொஸ்டனிலிருந்து மிசன் செயலாளர் ரூபஸ் அன்டர்சன் நேரில் வந்து பார்த்துவிட்டு, இங்கே படித்தவர்கள் உத்தியோகத்துக்குப் போகிறார்களே தவிர ஊருக்குள் சாட்சிகளாகப் போகவில்லை என்ற முடிவுக்கு வர, செமினரி மூடப்பட்டது. பிறகு உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் முன்னின்று முயன்று 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியைத் தொடங்கும்வரை 17 ஆண்டுகள் அப்படியோர் உயர்கல்விக்கூடம் அங்கே இல்லாமலிருந்தது.

அன்டர்சனைத் திட்டுவது நம்மிடையே ஒரு மரபு. நானும் இளமையில் திட்டியிருக்கிறேன். இப்போது எனக்குத் தோன்றுவது, அவர் கேட்ட கேள்வி சரி, கண்ட தீர்வுதான் பிழை என்பதே. விசுவாசம் யாருக்காக என்று ஒரு நிறுவனத்தைப் பார்த்துக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் விளைச்சலைத் தோம்புப் புத்தகத்தில் தேடியதனால் அவருக்கு அது தென்படவில்லை. செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானார், சைவத்துக்குத் திரும்பினார், 1887இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். அவரை மிசனுக்கு வந்த நட்டமாக எழுதுவதற்கு எனக்குக் கை வரவில்லை.

மாஸ்டருக்கு மிகப் பிடித்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர். 1847இல் வந்தவர், மானிப்பாயில் இருந்து வைத்தியம் பார்த்ததோடு, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று துணிந்து, நூல்களை மொழிபெயர்த்தும் மொழிபெயர்ப்பித்தும், சொல்லில்லாத இடத்தில் சொல் ஆக்கியும், தமிழ் வழியில் வைத்தியர்களை உருவாக்கியவர். 1873இல் அமெரிக்கா திரும்பிய பின்னும் திருத்தல் வேலையை விடவில்லை. 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. தம் மாணவர்கள் மேனாட்டு உடைக்கும் நடைக்கும் மாறாமல் ஊராரோடு ஊராராக இருக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். ஒருவனுக்குச் சொல்ல வேண்டுமானால் அவனுடைய சொற்களை முதலில் கற்க வேண்டும் என்பதை அவரைவிட அழுத்தமாக யாழ்ப்பாணத்தில் காட்டியவர் எனக்குத் தெரியவில்லை.

1985இல் நான் கனடா வந்து சேர்ந்தேன். ஸ்காபரோவில் ஆங்கிலச் சபை ஒன்றின் மண்டபத்தை ஞாயிறு பிற்பகலில் வாடகைக்கு எடுத்து ஆராதித்த தமிழ்ச் சபைகளில் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் செயற்குழுவில் இருந்தேன். அந்நிய நாட்டில் கீர்த்தனைகளைத் தமிழில் பாடக் கிடைத்ததே பெரும்பேறு என்று முதல் பத்தாண்டுகள் நினைத்தோம், அது தவறுமில்லை. பிறகு என்ன நடந்தது என்றால், வருகை, வாடகை, கிறிஸ்மஸ் ஒளிவிழாச் செலவு, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு என்று ஆண்டறிக்கையில் நிரல்கள் கூடிக்கொண்டே போயின. அறிக்கையைத் தயாரித்தவன் நான்தான். ஒரு மார்கழி இரவில் கணினித் திரையில் கோடிட்ட அந்த ஐந்து நிரல்களைப் பார்த்தபோது, கறுப்பு மட்டைக் கொப்பியையே திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று திடுக்கிட்டேன். ஒரே வித்தியாசம், முன்பு படலையையாவது திறந்தோம்.

ஆராதனையில் 'சாட்சி நேரம்' என்று ஒன்று உண்டு. விசா கிடைத்தது, வீடு வாங்கியது, மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி வந்தது என்று எழுந்து நின்று நன்றி சொல்வார்கள். நன்றி சொல்வது நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே விசுவாசிக்கிற நாற்பது குடும்பங்களுக்கு முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு சொல்வதற்குச் சாட்சி என்று பெயர் வைத்துவிட்டால், பக்கத்து அடுக்குமாடியில் தனியே இருக்கிற மனிதருக்குச் சொல்வதற்கு என்ன பெயர் வைப்பது? இதை நான் செயற்குழுவில் கேட்டபோது, "அண்ணை, நாங்கள் போய்ச் சொன்னால் சைவச் சனம் மதம் மாத்த வந்திட்டினம் எண்டு சொல்லும்" என்றார்கள். அந்த அச்சம் நியாயமானது. தேவையில் இருப்பவர்களிடம் பொருளை ஒரு கையிலும் ஞானஸ்நானத்தை மறு கையிலும் நீட்டுகிறவர்களால் பட்ட காயம் நம் சனங்களிடம் உண்டு. கூலி கொடுத்துச் சேர்ப்பது பொய்ச்சாட்சி. அதைச் சாட்சி என்ற கணக்கிலேயே நான் சேர்ப்பதில்லை. ஆனால் பொய்ச்சாட்சி உண்டென்பதற்காக மெய்ச்சாட்சி வாயை மூடிக்கொள்வது எந்த வழக்குக்கு உதவும்? சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுமாறு பேதுரு எழுதியது, விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு. எங்களிடம் யாரும் கேட்காமலிருந்ததற்குக் காரணம், கேட்கும் தூரத்தில் நாங்கள் இல்லாததுதான்.

போர்நிறுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த 2003ஆம் ஆண்டு ஊருக்குப் போனேன். மாஸ்டர் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே காலமாகியிருந்தார். 1995இல் போரால் நேர்ந்த இடப்பெயர்வைக் கடந்த வீடுகளில் பாதிக்குக் கூரையில்லை. அராலியில் அந்தப் படலை இருந்த இடத்தில் தகரக் கதவு. துலாவுக்குத் தாங்கு நின்ற பூவரசு நின்றது, துலா இல்லை. கிணற்றடியில் சிறிய நீரிறைக்கும் இயந்திரம். வெளியே வந்த பெண், ஆச்சியின் பேத்தி, நான் யாரென்று சொல்லி முடிப்பதற்குள், "துலா இழுத்த போடிங் பொடியளோ?" என்று கேட்டார். தேத்தண்ணீர் தந்தார். பிறகு, "அம்மம்மா அடிக்கடி சொல்லுவா, அதிலை ஒரு பொடியனுக்கு ராவிலை பயம் எண்டு. அவர் இப்ப எங்கை?" என்றார். மனப்பாட வசனக்காரனைப் பற்றி ஆச்சி ஒன்றும் சொல்லிவைத்ததாகத் தெரியவில்லை.

அவன் மெல்பேணில் இருக்கிறான். அன்றிரவே தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு அவன் கேட்டது, அந்தக் கிணறு இன்னும் நல்ல தண்ணிதானா, கடற்பக்கமென்றபடியால் உவர்த்துவிட்டதா என்று. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கிணற்றடியில் அரைமணி நேரம் நின்றவன், ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்க்காமல் வந்திருக்கிறேன்.