பன்னிரண்டு நாற்பது

2024 ஜூனில் பள்ளி திறந்த முதல் புதன்கிழமை. காலை உணவுக்குப் பொங்கல். அப்போதுதான் ஆறாவதுக்கு வந்திருந்த ஒரு பையன் வரிசையில் தட்டோடு நின்றான்.

"நீ இப்ப ஆறாவதுடா" என்றேன்.

"தெரியும் மிஸ். பாப்பாவுக்கு வாங்க வந்தேன்."

அவனுடைய தங்கை அவனுக்கு இரண்டு பேர் முன்னால், தன் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். "சரி, வகுப்புல போய் உட்காரு" என்றேன். தட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டான்.

எத்தனையோ இரவு இதையே நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். நான் அதட்டவில்லை. அரசின் காலை உணவுத் திட்டம் அப்போது 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைதான். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி என்று அளந்து போடுகிறார்கள், எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று செயலியில் ஏற்ற வேண்டும். அவனுக்குக் கொடுத்தால் ஏழாவது, எட்டாவதுக்கு என்ன பதில் சொல்வது? எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் வரிசை முடிந்தபோது பாத்திரத்தின் அடியில் இரண்டு கரண்டிப் பொங்கல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தேன்.

2023 ஆகஸ்டில் காலை உணவு எங்கள் பள்ளிக்கு வருவதற்கு முன், பதினொன்றரைக்கெல்லாம் சின்ன வகுப்புப் பிள்ளைகள் தலை சாய்த்துவிடுவார்கள். வந்த சில வாரங்களிலேயே அது நின்றது. நானே கண்ணால் கண்டேன். இவனும் ஐந்தாவதில் ஒரு வருடம் அப்படிச் சாப்பிட்டுப் பழகியவன். ஒரு கோடை விடுமுறை முடிந்து வந்தால் காலைச் சாப்பாடு கிடையாது, 12.40 மணி அடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு விதியில் ஐந்தாவது வரை 450 கலோரி, ஆறாவது முதல் எட்டாவது வரை 700. அரிசியும் 100 கிராம் என்பது 150 ஆகிறது. பிள்ளை வளர்ந்துவிட்டான், பசி கூடிவிட்டது என்று மதியக் கணக்குக்குத் தெரிகிறது. காலைக் கணக்குக்குத் தெரியவில்லை.

காலைச் சாப்பாடு என் கையில் இல்லை. மணி என் கையில் இருந்தது. பெரிய வகுப்புகளுக்கு மட்டும் 12.10-க்கு மதிய மணி என்று மாற்றினேன்.

சமையல் அக்கா அன்றே சொன்னார்: "காலைச் சமையல் பாத்திரம் கழுவி அடுப்பு என் கைக்கு வரவே ஒம்பதரை ஆயிடுது டீச்சர். பருப்பு வேக வேணாமா?" பீகாரில் 2013-இல் பள்ளிச் சாப்பாட்டால் 23 குழந்தைகள் இறந்ததிலிருந்து ருசி பார்ப்பதில் கண்டிப்பு அதிகம். பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு அரை மணி முன்னால் ஆசிரியர் சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியானால் 11.40-க்கே எல்லாம் தயாராக வேண்டும். அக்கா முகம் கோணாமல் ஓடி ஓடிச் செய்தார்.

எட்டாவது நாள் பருப்பு பல்லில் கடிபட்டது. இன்னும் பத்து நிமிடம் கொதிக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். மணி ஆகிவிட்டதே என்று விழுங்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வாரம் வட்டாரக் கல்வி அலுவலர் வந்தார். சுவரிலிருந்த கால அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஏதாவது உத்தரவு வாங்கினீங்களாம்மா?" என்றார். தன்மையாகத்தான் கேட்டார். இல்லை என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை விளங்கவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை மேலே எழுதி அனுப்பியிருப்பார். மறுநாள் எல்லோருக்கும் பழையபடி 12.40.

ஆய்வில் கேட்டார்கள், அதனால் நிறுத்தினேன் என்றுதான் சக ஆசிரியர்களிடம் சொன்னேன். உண்மையில் அந்தப் பருப்புக்குப் பயந்துதான் நிறுத்தினேன். இல்லை, அதுவும் முழு உண்மையில்லை. அவர் கேட்டபோது உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. பள்ளிக்குப் பள்ளி ஒரு நேரம் வைத்துக்கொண்டால் கேள்வி கேட்க ஆளில்லாமல் போகும், பொது நேரம் ஒன்று வேண்டும், அதை ஒத்துக்கொள்கிறேன். அது எல்லாப் பிள்ளையும் காலையில் சாப்பிட்டு வந்ததாக நினைத்து வைத்த நேரமாக இருக்கிறதே என்பதுதான் என் வேதனை. என்னிடம் கேட்டால் இப்போதும் 12.10 என்றுதான் சொல்வேன். ஆனால் அதே அடுப்பும் அதே அக்காவும் என்றால், சொல்ல வாய் வருமா தெரியவில்லை.

அந்த வருடம் ஆறாவது வகுப்பு சமையலறையை ஒட்டிய அறையில் நடந்தது. பதினொன்றரைக்குத் தாளிக்கும் வாசனை ஜன்னல் வழியாக நேராக உள்ளே வரும். அந்தப் பையன் கரும்பலகையை விட்டுவிட்டு ஜன்னலையே பார்ப்பான். மணி பழையபடி 12.40 ஆன அடுத்த வாரமே அந்த வகுப்பைக் கடைசி அறைக்கு மாற்றினேன். அங்கே வாசனை வராது. அவனுக்காகத்தான் மாற்றினேன் என்று நினைத்தேன். அந்த வாசனை என் அறைக்கும் வரும். அது வரும்போதெல்லாம் நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.